ரசீது ஒருவர் பெயரில், குப்பை எல்லார் தலையிலும்

குப்பையைப் பற்றி எழுத ஓர் அரசியல் ஏடு எதற்கு என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். கூலி, போனஸ், ரேஷன், பட்டா என்று எழுத எவ்வளவோ இருக்கிறதே என்கிறார்கள். ஒரு ஊரில் யாருடைய குப்பையை யார் சுமக்கிறார்கள், யாருடைய வாசலில் அது வந்து விழுகிறது, அதற்கான காசு யார் மடியிலிருந்து போகிறது என்று கணக்குப் பார்த்தால் அந்த ஊரின் அரசியல் முழுவதும் தெரிந்துவிடும். ஆகவே எழுதுகிறோம்.

எருத்தேன்பதிப் பக்கத்து வரிசை வீடு ஒன்றின் கதையைக் கேளுங்கள். எட்டு அறை, எட்டுக் குடும்பம். தென்னந்தோப்பு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள். ஆனால் பஞ்சாயத்துப் பதிவேட்டில் வீட்டு எண் ஒன்றே ஒன்று. சுவரில் ஒட்டிய கியூ.ஆர். அட்டையும் ஒன்று, அதுவும் உரிமையாளர் பெயரில். மாதம் ஒருமுறை ஹரித கர்ம சேனைப் பெண்கள் வருகிறார்கள். ஒரு எண்ணுக்கு ஒரு சாக்கு எடுக்கிறார்கள், 50 ரூபாய்க்கு ஒரு ரசீது கொடுக்கிறார்கள். உரிமையாளரோ வாடகையோடு சேர்த்துக் குடும்பத்துக்கு 50 வீதம் 400 ரூபாய் வாங்கிவிடுகிறார். மிச்சம் 350 எங்கே போகிறது? மிச்சம் ஏழு குடும்பத்துச் சாக்குகளை எடுப்பது யார்? பஞ்சாயத்து அலுவலகத்தில் போய் ஒரு சான்று கேட்டால், "குப்பைக் கட்டண ரசீது எங்கே?" என்கிறார்கள். பணம் கட்டியவர்கள் நாம், ரசீது இல்லாதவர்களும் நாம்!

இந்தச் சட்டம் எப்படி வந்தது என்பதை மறக்கக் கூடாது. 2023 மார்ச் 2 அன்று கொச்சி பிரம்மபுரத்தில் மலைபோல் குவிந்திருந்த குப்பை பற்றி எரிந்தது. ஏறக்குறைய பன்னிரண்டு நாள் நகரமே புகையில் மூச்சுத் திணறியது. அதன் பிறகுதான் கேரள அரசு விழித்தது. வீட்டுக்கு வீடு சேகரிப்பு கட்டாயமாயிற்று. கட்டண பாக்கியை வரி பாக்கி போல வசூலிக்கலாம் என்றும், பொது இடத்தில் குப்பை கொட்டினால் கடுமையான அபராதம் என்றும் சட்டம் திருத்தப்பட்டது. 2025 மார்ச் 30ஐ இலக்கு நாளாக வைத்து இயக்கம் நடந்தது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் தனி வீடும் மதிற்சுவரும் வாசற்படியும் உள்ள குடும்பத்தை மனத்தில் வைத்துப் போட்ட திட்டம் இது. ஒரே கூரையின் கீழ் எட்டு அடுப்பு எரியும் வீடு அவர்கள் கண்ணில் படவில்லை.

இடுக்கி மலைக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம். தேவிகுளம், மூணாறு, பீருமேடு லயங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறிக்கும் நம் மக்களுக்குத் தாங்கள் குடியிருக்கும் அறை சொந்தமில்லை. லயம் கம்பெனியுடையது. தோட்டத் தொழிலாளிக்கு வீடும் குடிநீரும் கழிப்பிடமும் தரவேண்டியது முதலாளியின் கடமை என்று 1951ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படியானால் லயத்துக் குப்பை யார் பொறுப்பு? பஞ்சாயத்து கம்பெனியைக் காட்டுகிறது, கம்பெனி பஞ்சாயத்தைக் காட்டுகிறது. நடுவில் குப்பை ஓடையில் இறங்குகிறது. மூணாறு நகரத்திலோ சுற்றுலா விடுதிகளின் குப்பை வேறு. படையப்பா என்று மக்கள் பெயர் வைத்த காட்டுயானை, நல்லதண்ணிப் பக்கத்துக் குப்பைக் கிடங்கில் காய்கறிக் கழிவைத் தின்ன வந்து நின்றதைப் பத்திரிகைகள் படம் போட்டுக் காட்டின. யானைக்குக் கிடைத்த படம்கூட லயத்து ஓடைக்குக் கிடைக்கவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். சாக்கைத் தோளில் சுமந்து வரும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் நம் எதிரிகள் அல்லர். குடும்பஸ்ரீ வழியாக வந்த முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அவர்கள். நிலையான மாதச் சம்பளம் கிடையாது. வீடு வீடாக வாங்கும் கட்டணமே அவர்களுக்குப் பெரும்பாலும் கூலி. ஏழையிடம் 50 ரூபாய் வாங்கித்தான் இன்னொரு ஏழைக்குக் கூலி தரமுடியும் என்ற ஏற்பாட்டைச் செய்தவர்கள் யாரோ, அவர்களிடம்தான் நம் கேள்வி. வாசலுக்கு வருகிற பெண்ணிடம் சீறி விழுவது நம் வர்க்கத்துக்கே நாம் செய்யும் துரோகம்.

இன்னொரு கூட்டத்தாரையும் நினைக்க வேண்டும். மறுசுழற்சி என்ற சொல் அரசாங்கக் காகிதத்தில் ஏறுவதற்கு வெகு காலம் முன்பே, சைக்கிளிலும் தள்ளுவண்டியிலும் கேரளத்துத் தெருக்களில் பழைய இரும்பும் பேப்பரும் பாட்டிலும் வாங்கித் திரிந்தவர்களில் எத்தனையோ பேர் தமிழர்கள். ஆக்ரிக்காரன் என்று ஏளனமாய்க் கூப்பிட்டார்கள். தெருவில் திருட்டுப் போனால் முதல் சந்தேகம் அவன்மேல். குப்பை பொறுக்குவோரையும் பழைய சாமான் சேகரிப்போரையும் அங்கீகரித்துத் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று 2016ல் மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு விதிகளே கூறின. விதி வந்தது, அடையாள அட்டை எத்தனை பேருக்கு வந்தது? விலை போகிற இரும்பையும் அட்டையையும் யாரும் எடுத்துக்கொள்வார்கள். விலை போகாத ஷாம்பு பாக்கெட்டும் பிஸ்கட் உறையும்தான் நம் வாசலில் தேங்குகின்றன. உற்பத்தி செய்தவனே அவற்றைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றும் 2016ல் வந்த பிளாஸ்டிக் விதிகள் சொல்லின. ஒரு ரூபாய் பாக்கெட்டை விற்றவன் லாபத்தோடு போய்விட்டான். வாங்கியவள் மாதம் 50 ரூபாய் கட்டுகிறாள்.

கம்பெனிக் கழிவு என்றால் என்னவென்று நம் பகுதிக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துப் பெருமாட்டிப் பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் 2000ல் தொடங்கிய கோக்ககோலா ஆலை, தன் கழிவுச் சேற்றை உரம் என்று சொல்லி உழவர்களுக்குக் கொடுத்தது. அதில் காட்மியமும் ஈயமும் இருப்பது 2003ல் வெளிப்பட்டது. மயிலம்மாவும் ஊர்மக்களும் பந்தலில் உட்கார்ந்தார்கள். 2004ல் ஆலை நின்றது. விஷத்தை வயலில் கொட்டியவர்களுக்கு எந்த ரசீது கேட்கப்பட்டது?

எல்லைக்கு வருவோம். 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டம் நடுக்கல்லூர், கொடகநல்லூர்ப் பகுதிகளில் கேரளத்து மருத்துவக் கழிவு கொட்டிக் கிடந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மூன்று நாளில் அகற்றச் சொல்லிக் கேரளத்துக்கு உத்தரவிட்டது. லாரிகள் வந்து அள்ளிச் சென்றன. உடனே அந்தப் பக்கம் மலையாளி என்றும் இந்தப் பக்கம் தமிழன் என்றும் கூச்சல் எழுந்தது. ஆனால் கைதானவர்களில் இரு மாநிலத்தாரும் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். காசுக்கு மொழி கிடையாது. 1956 நவம்பர் 1 அன்று போட்ட எல்லைக்கோடு குப்பை லாரியைத் தடுப்பதில்லை. ரேஷன் அட்டைக்கும் சான்றிதழுக்கும் நடையாய் நடக்கும் நம்மைத்தான் தடுக்கிறது.

நம்மையும் கொஞ்சம் கேட்டுக்கொள்வோம். சாக்கு எடுக்க ஆள் வராவிட்டால் சாயங்காலம் கொல்லையில் பிளாஸ்டிக்கை எரிக்கிறோம். அந்தப் புகை கம்பெனி முதலாளியின் பங்களாவுக்குப் போவதில்லை, நம் பிள்ளையின் நெஞ்சில்தான் இறங்குகிறது. இதை இன்றோடு நிறுத்துவோம். கழுவிக் காயவைத்துப் பிரித்து வைப்போம். அதன் பிறகு உரிமையோடு கேட்போம்.

நாம் கேட்பது இவ்வளவே:

1. ஒரே எண்ணில் எத்தனை குடும்பம் இருந்தாலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அட்டை, குடியிருப்பவர் பெயரில் ரசீது.

2. லயங்களில் வரிசைக்கு ஒரு சேகரிப்பு இடம், செலவு தோட்ட நிர்வாகத்துடையது.

3. அறிவிப்பும் ரசீதும் தமிழில். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் எழுதவும் அதே மொழியில் பதில் பெறவும் 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வழி செய்தது. இது சலுகை அன்று.

4. சேனைப் பெண்களுக்கு நிலையான ஊதியம், கையுறை, காப்பீடு. பழைய சாமான் தொழிலாளர்க்கு அடையாள அட்டை.

5. ஊரில் சேர்ந்த குப்பை எவ்வளவு எடை, எந்த லாரியில், எங்கே போயிற்று என்ற கணக்கு மாதந்தோறும் பஞ்சாயத்துப் பலகையில்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிராமசபை கூடவேண்டும் என்பது சட்டம். வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் எழுந்து பேசலாம், வாடகை வீட்டில் இருந்தாலும் சரி. 2015 செப்டம்பரில் மூணாறுப் பெண்கள் பெம்பிளை ஒருமை என்ற பேரில் தெருவில் உட்கார்ந்து, கம்பெனியையும் தங்கள் சங்கத் தலைவர்களையும் ஒருசேரக் கேள்வி கேட்டார்கள். வெட்டிய போனஸ் திரும்ப வந்தது. அந்தக் கைகள்தாம் இன்று சாக்கைக் கட்டி வைத்துவிட்டுக் காத்திருக்கின்றன. அடுத்த கிராமசபைக்கு அக்காமார்களும் தங்கைமார்களும் முன்வரிசையில் வந்து உட்காருங்கள். எட்டுக் குடும்பம் எட்டுக் கையைத் தூக்கட்டும். ஒரு எண் என்று எழுதி வைத்தவர்கள் அன்றைக்கு எண்ணிப் பார்க்கட்டும்.