மகனின் பெயரை எந்த ஏட்டில் எழுதுவது?



நவம்பர், மரித்த விசுவாசிகளுக்காக நாம் சிறப்பாக மன்றாடும் மாதம். வழமைபோல் ஆலய வாசலில் ஓர் ஏட்டை வைத்து, உங்கள் குடும்பங்களில் இறந்தோரின் பெயர்களை எழுதும்படி கேட்டிருந்தோம். திருப்பலி முடிந்து எல்லோரும் சென்ற பின்னரும் ஒரு தாய் அந்த ஏட்டின் முன் பேனாவுடன் நின்றுகொண்டிருந்தார். கணவரின் பெயரை எழுதியிருந்தார். அடுத்த வரி வெறுமையாக இருந்தது. அவருடைய மகன் 2009 மே மாதம் வன்னியில் காணாமல் ஆக்கப்பட்டவர்.

“சொந்தக்காரர் எல்லாரும் அவன்ரை பெயரையும் எழுதச் சொல்லுகினம், சுவாமி. எழுதாமல் விட்டால் பாவமோ?”

பாவம் இல்லை, அம்மா என்றேன். அதற்குமேல் அன்று எனக்குச் சொல் வரவில்லை. அவருக்குச் சொல்லாமல் விட்டதையும், நம் அனைவருக்கும் சொல்ல வேண்டியதையும் இங்கே எழுதுகிறேன்.

அத்தாய்க்கு நம்மவர்கள் இருவகை அறிவுரை வழங்கியிருக்கிறார்கள். ‘இறைசித்தத்தை ஏற்று, மகனின் ஆன்மா இளைப்பாறச் செபியுங்கள்’ என்பது ஒன்று. ‘விசுவாசம் உறுதியாக இருந்திருந்தால் மகன் எப்போதோ வந்திருப்பான்’ என்பது மற்றொன்று. இரண்டும் பக்தியின் மொழியில் சொல்லப்பட்டவை. ஆயினும், 15 ஆண்டுகளுக்கும் மேலாகச் சுமை தாங்கி நிற்கும் ஒருவரின் தோளில் இரண்டுமே இன்னொரு கல்லை ஏற்றுகின்றன.

யோபுவின் நண்பர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் வந்தவுடன் ஏழு பகலும் ஏழு இரவும் ஒன்றும் பேசாமல் அவருடன் தரையில் அமர்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்து, துன்பத்திற்குக் காரணம் கற்பிக்கத் தொடங்கியபோதுதான் தவறினார்கள். இறுதியில் கடவுளின் சினம் முறையிட்ட யோபுவின்மேல் விழவில்லை. கடவுளுக்காக வாதாடுவதாக எண்ணிய அந்த நண்பர்கள்மேல் விழுந்தது.

முறையிடுவது அவிசுவாசம் என்று யார் நமக்குக் கற்பித்தது? 13ஆம் திருப்பாடல் ஆறே வசனங்கள் கொண்டது. அதில் ‘எவ்வளவு காலம்’ என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. அக்கேள்வியைத் திருச்சபை நீக்கிவிடவில்லை. தன் செபநூலில் வைத்துப் போற்றுகிறது. கேட்பவர் இருக்கிறார் என்று நம்புகிறவரால்தான் அப்படிக் கேட்க முடியும்.

காத்திருந்தால் கேட்டது கிடைத்தே தீரும் என்று நான் உங்களுக்கு வாக்களிக்க மாட்டேன். ஆபிரகாம் 75 வயதில் புறப்பட்டு, 100ஆவது வயதில் ஈசாக்கைக் கையில் ஏந்தினார். அந்தக் கதையை நாம் விரும்பிச் சொல்கிறோம். ஆனால் எபிரேயர் திருமுகத்தின் 11ஆம் அதிகாரம், அதே ஆபிரகாமையும் சாராவையும் முன்னிறுத்தி, வாக்களிக்கப்பட்டது கைக்கு எட்டாமலேயே அவர்கள் கண்மூடினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்கிறது. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் போராட்டத்தைத் தொடங்கிய பெற்றோருள் பலர் விடை அறியாமலே மறைந்துவிட்டார்கள். அவர்களுடைய விசுவாசம் குறைவுபட்டது என்று சொல்ல நாம் யார்? சரணடையச் சென்ற மக்களோடு துணையாக நடந்த அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் அவர்களைப் பற்றியும் இன்றுவரை பதில் இல்லை.

அப்படியானால் நம்பிக்கை என்பது என்ன? மகன் நாளை கதவைத் தட்டுவான் என்ற நிச்சயம் அன்று. அவன் எங்கிருந்தாலும், உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இறைவனுடைய பார்வைக்கு அவன் காணாமற்போனவன் அல்லன் என்ற பற்றுதல். அரசுகளின் பதிவேடுகள் அவனைத் தொலைத்திருக்கலாம். படைத்தவர் தொலைப்பதில்லை. அந்த ஒன்றைப் பற்றிக்கொண்டு, அடுத்த ஞாயிறும் ஆலயத்துக்கு வருகிறாரே அந்தத் தாய், அவரிடம் விசுவாசத்தைக் கற்க வேண்டியவர்கள் நாம்.

ஆண்டுதோறும் ஆவணியில் நாம் திரளாகச் செல்லும் கெவலார் திருத்தலத்தில் இருப்பது உள்ளங்கையளவான ஒரு காகிதப் படம். துயருறுவோரின் ஆறுதலான அன்னை என்பதே அப்படத்திலுள்ள மாதாவின் பெயர். தன் மகனை மூன்று நாள் தேடி அலைந்த தாய் அவர். காணாமற்போன பிள்ளையைத் தேடும் நெஞ்சு எப்படித் துடிக்கும் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எனவே வரும் ஞாயிறு முதல் பீடத்தின் அருகே இரண்டாவது ஏடு ஒன்று இருக்கும். நாம் காத்திருப்போரின் பெயர்களை அதில் எழுதலாம். மன்றாட்டு வேளையில் அப்பெயர்களை வாசிப்போம். வாழ்வோர் என்றோ மரித்தோர் என்றோ பிரிக்க மாட்டோம். அதை அறிந்தவரிடம் ஒப்படைப்போம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த ஏட்டின் முன் யாரேனும் நின்றால் அறிவுரை சொல்லாதீர்கள். அருகில் சென்று சற்று நேரம் நில்லுங்கள். பிள்ளையின் பெயரைக் கேளுங்கள். சொல்ல விரும்பினால், அவனைப் பற்றிச் சொல்லவிடுங்கள்.

இறையாசீருடன்,
உங்கள் ஆன்மீகப் பணியாளன்