‘தனியொருவன்’ என்பது பாராட்டா?

அண்மையில் புதுவையில் நடந்த ஓர் இலக்கியக் கூடுகை முடிந்து, தேநீர் வேளையில் பேச்சு விளையாட்டின் பக்கம் திரும்பியது. நான் ஆரிஃப் கானின் பெயரைச் சொன்னேன். இருந்தவர்களில் இருவருக்கே அவரைத் தெரிந்திருந்தது. ஒருவர் சிரித்தார்: “ஒலிம்பிக்கில் நாற்பத்தைந்தாவதாக வந்தவர்தானே? அதற்கும் ஒரு கட்டுரையா?” மற்றவர் நெகிழ்ந்தார்: “பாவம் சார், தனியொருவராக நின்று சாதித்த மனிதர்.” சிரித்தவரோடு எனக்குப் பெரிய பிணக்கு இல்லை. என் வழக்கு நெகிழ்ந்தவரோடுதான்.

எனினும் முதலில் சிரித்தவருக்குச் சில செய்திகள். ஆரிஃப் முகமது கான் 1990இல் காஷ்மீரின் பாரமுல்லா மாவட்டத்தில், தங்மார்க் பகுதியில் பிறந்தவர். அவருடைய தந்தை குல்மார்க்கில் பனிச்சறுக்குச் சாதனங்களுக்கான கடை வைத்திருந்தார். பிள்ளை நான்கு வயதிலேயே சறுக்கத் தொடங்கிவிட்டான். 2011இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகளில் ஸ்லாலம், ஜெயண்ட் ஸ்லாலம் ஆகிய இரண்டிலும் தங்கம் வென்றார். செங்குத்தான பனிச்சரிவில் கம்புகளை நட்டு வாயில்கள் அமைத்திருப்பார்கள். அவற்றினூடே வளைந்து வளைந்து இறங்க வேண்டும். ஒரு வாயில் தவறினாலும் ஆட்டம் முடிந்தது. இருமுறை இறங்கி, இரண்டு நேரங்களையும் கூட்டி முடிவு சொல்வார்கள்.

2022 பிப்ரவரி 13 அன்று பெய்ஜிங் ஒலிம்பிக்கின் ஜெயண்ட் ஸ்லாலம் கொட்டும் பனியில், அடுத்த வாயில் கண்ணுக்குத் தெளியாத மூட்டத்தில் நடந்தது. தொடங்கியவர்கள் 89 பேர். ஏறத்தாழப் பாதிப்பேர் முடிக்கவில்லை. ஆரிஃப் முடித்தார். நேரம் 2 நிமிடம் 47.24 வினாடி. தங்கம் வென்ற சுவிட்சர்லாந்தின் மார்க்கோ ஓடர்மாட்டைவிட 37.89 வினாடி அதிகம். மூன்று நாள் கழித்து நடந்த ஸ்லாலத்தில் முதல் இறக்கத்தையே அவரால் நிறைவுசெய்ய இயலவில்லை. இவற்றை மறைக்க வேண்டியதில்லை. வினாடியின் நூற்றிலொரு பங்கில் வெற்றி தோல்வி தீரும் ஆட்டத்தில் 37 வினாடி ஒரு பெருங்கடல். ஆனால் அந்தக் கடலில் நிரம்பியிருப்பது என்ன என்று கேட்க வேண்டாமா?

சுவிட்சர்லாந்தில் மலையடிவாரத்துப் பிள்ளைக்கு மன்றம் உண்டு, பயிற்றுநர் உண்டு, விளையாட்டையும் படிப்பையும் சேர்த்துத் தரும் பள்ளி உண்டு. பிரான்சில் பள்ளிகளே பிள்ளைகளைப் பனிமலைக்கு அழைத்துச்சென்று பாடமும் சறுக்கலும் கற்பிக்கும் ஏற்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. பிரான்சில் உறவினர் உள்ள புதுவைக்காரர்களுக்கு இது புதிய செய்தியும் அன்று. ஆரிஃபுக்கு இருந்தவை ஒரு மலையும் ஒரு கடையும். ஒலிம்பிக் தகுதிக்கு வெளிநாடுகளில் ஓயாமல் போட்டியிட்டுப் புள்ளி சேர்க்க வேண்டும். விமானக் கட்டணம், தங்குமிடம், பயிற்றுநர் ஊதியம், சறுக்குக் கட்டைகள் என்று எல்லாம் கைப்பணம். 2018 பியாங்சாங் வாய்ப்பு பணமின்மையால் கைநழுவியதை அவரே பேட்டிகளில் கூறியிருக்கிறார். 2021இன் இறுதியில் துபாயிலும் மாண்டினீக்ரோவிலும் ஓடி, இரண்டு பிரிவுகளிலும் தகுதி பெற்றார். அதற்குப் பிறகு, 2022 ஜனவரியில்தான், நடுவணரசின் ஒலிம்பிக் பதக்கத் திட்டத்தில் அவர் சேர்க்கப்பட்டு 17.46 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. கரையேறியவனுக்கு வந்த தோணி!

இனி நெகிழ்ந்தவருக்கு. பெய்ஜிங்கில் இந்தியாவின் சார்பில் களமிறங்கியவர் ஆரிஃப் ஒருவரே. தகுதிப் போட்டிகளுக்காகத் திருமணத்தைத் தள்ளிவைத்தார் என்பதையும் சேர்த்து நாளேடுகள் உருகி உருகி எழுதின. நூற்று நாற்பது கோடிப் பேரில் ஒருவன் என்பதைப் பெருமையாகச் சொல்ல நமக்கு எப்படி நாக்கு வருகிறது? இத்தனை கோடிப் பேர் சேர்ந்து ஒருவனைத் தனியே விட்டிருக்கிறோம் என்பதல்லவா அதன் பொருள்? தனிமை அவர் தேடிக்கொண்ட தவமன்று. நாம் அவர்மீது சுமத்தியது. சுமத்தியவர்களே அதற்கு மாலையும் சூட்டுகிறோம்.

இது அவரோடு தொடங்கியதும் அன்று. 1964இல் இன்ஸ்புருக் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகச் சறுக்கிய ஜெரமி புஜகோவ்ஸ்கியும் தனியொருவரே. 2014இல் சோச்சிக்கு மூவர் போனார்கள். ஒலிம்பிக் சங்க நிர்வாகிகளின் சீர்கேட்டால் இந்தியா இடைநீக்கம் பெற்றிருந்தது. எனவே தொடக்க விழாவில் மூவரும் தேசியக் கொடி இன்றி நடந்தார்கள். 2022இல் கொடி இருந்தது. ஏந்தி நடந்தவர் ஆரிஃப். கல்வான் மோதலில் பங்குகொண்ட சீனப் படைத்தலைவரைச் சுடர் ஏந்தவைத்ததைக் கண்டித்து, அவ்விழாவை நேரலையாகக் காட்டுவதில்லை என்று தூர்தர்ஷன் முடிவெடுத்திருந்தது. அக்கண்டனத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று அந்தத் திரையில் மறைந்தது சீனா மட்டுமன்று என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

“கடற்கரை ஊரில் இருந்துகொண்டு பனியைப் பற்றிப் பேசுவானேன்?” என்று கேட்கலாம். தவளக்குப்பத்தில் பனி என்றால் மார்கழி விடியலில் கடலூர்ச் சாலையை மூடும் மூட்டந்தான். ஆனால் செங்குட்டுவன் கண்ணகிக்குச் சிலை சமைக்க இமயத்திலிருந்து கல் கொணர்ந்த கதையை ஆண்டுதோறும் வகுப்பில் பெருமிதத்தோடு நடத்துகிறேன். இமயத்துக் கல் நமக்கு உறவு. இமயத்துப் பிள்ளை அந்நியனா?

அன்றியும், இக்கதை நடக்க இமயம் வரை போக வேண்டியதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த மீனவக் குடும்பத்துப் பெண் ஒருத்தி வெறுங்காலில் ஓடி முதலாவதாக வந்தாள். வெறுங்காலில் வென்றாள் என்பதையே ஒரு காப்பியம்போல் மேடையில் விரித்துரைத்தேன். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த சுற்றுக்கு வெளியூர் போக அவளிடம் பணமில்லை, போகவில்லை. ஓட்டக் காலணியின் விலை அன்று என் ஊதியத்தில் மிகச் சிறு பங்கு. அந்த அரங்கில் இருந்த எவருக்கும் அதை வாங்கித் தரத் தோன்றவில்லை, எனக்கும்தான். என் உரை மிக நன்றாக இருந்ததாகப் பலரும் சொன்னார்கள்.

இலக்கியவாதிகளாகிய நமக்கு இந்த நோய் சற்றுக் கூடுதல். வறுமையில் வாடிய எழுத்தாளனை அவன் மறைந்தபின் காவிய நாயகனாக்கியே பழகிவிட்டோம். தனிமையும் பட்டினியும் கலைக்கு உரமென்று நம்பத் தலைப்பட்டோம். அந்த நம்பிக்கை நம் சட்டைப் பையைக் காக்கிறது என்பதே உண்மை.

ஆகவே நெகிழ்ந்த நண்பரே, ஆரிஃப் கானைப் பாராட்டுங்கள். பனிமூட்டத்தில் இரண்டு முறை இறங்கி, ஒரு வாயிலும் தவறாமல் அடிவாரம் வந்து சேர்ந்ததற்காகப் பாராட்டுங்கள். தனியொருவராக இருந்தார் என்பதற்காக மட்டும் பாராட்டாதீர்கள். அவ்விடத்தில் நாம் தலைகுனிவதுதான் முறை.