டப்பாவோடு ஒரு கடைக்கு

திருவான்மியூரில் கடற்கரைக்குப் போகும் தெரு ஒன்றில் ஒரு கடை வந்திருக்கிறது. முன்பாதி காபிக் கடை. மாட்டுப் பால், தயிர், நெய், தேன் எதுவும் அங்கே கிடையாது. பின்பாதி மளிகை, அங்கே பாக்கெட் கிடையாது. அரிசி, பருப்பு வேண்டுமானால் டப்பாவை நாம்தான் கொண்டுபோக வேண்டும். காலி எவர்சில்வர் டப்பாக்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனேன். பஸ்ஸில் என்னைப் பாத்திர வியாபாரி என்றே நினைத்திருப்பார்கள்.

இரண்டு வியாபாரமும் ஒரே கூரைக்குக் கீழே வந்ததில் நியாயம் உண்டு. சென்னையில் விடிந்ததும் வீட்டுக்குள் வருகிற முதல் பிளாஸ்டிக் பால் கவர்தான். கடலையைக் கடையிலேயே அரைத்துப் பிழியும் பாலுக்குக் கவர் தேவையில்லை.

முந்திரிப் பாலில் காபி கேட்டேன். டிகாக்‌ஷன் அருமை, ஆனால் கடைசி மடக்கில் நாக்கில் மாவு தங்குகிறது. இன்னொரு முறை கேட்க மாட்டேன். நிலக்கடலைத் தயிர் வேறு ரகம். கடலையை ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்துப் பிழிந்து, அந்தப் பாலைக் காய்ச்சி ஆறவைக்கிறார்கள். உறை குத்த மோர் கிடையாதே! அதற்குப் பதிலாகப் பச்சை மிளகாய்க் காம்புகளைக் கிள்ளிப் போட்டு மூடி வைக்கிறார்கள். காம்பில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா பாலைப் புளிக்க வைத்துவிடும். அடுத்த நாள் அந்தத் தயிரையே உறையாக எடுத்துக்கொள்ளலாம். கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துத் தயிர்சாதமாகக் கொடுத்தார்கள். கூடவே மாவடு இருந்திருந்தால் இன்னொரு கிண்ணம் கேட்டிருப்பேன்.

ஆனால் அதே மேடையில் ஓட்ஸ் பால் அட்டைப்பெட்டிகள் வரிசையாக நின்றன. காகிதம், பிளாஸ்டிக், அலுமினியம் மூன்றையும் ஒட்டிச் செய்த பெட்டி அது. பழைய பேப்பர்காரர் பால் கவரை எடைக்கு எடுப்பார். இதை எடுக்க யோசிப்பார். பின்பாதியில் விற்ற மூங்கில் டூத் பிரஷ்ஷும் அப்படித்தான். பிடி மூங்கில், இழை நைலான்.

மளிகைப் பக்கம் முறையாக நடக்கிறது. வெறும் டப்பாவைத் தராசில் வைத்து அதன் எடையை அடியில் எழுதித் தந்தார் கடையில் இருந்த பெண். பருப்பை நாமே நிரப்பிக்கொண்டு போனால் டப்பா எடையைக் கழித்துவிட்டுப் பில் போடுகிறார். "அப்படியே இதுல நல்லெண்ணெய்ம்மா" என்று இன்னொரு டப்பாவை நீட்டினேன். "எண்ணெய் மட்டும் சீல் வச்ச பாட்டில்தான் சார். அளந்து ஊத்தக் கூடாது, சட்டம்."

அவர் சொன்னது சரி. 1998இல் டெல்லியில் கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த விதை பார்க்கக் கடுகு மாதிரியே இருக்கும். அதே ஆண்டு மத்திய அரசு எண்ணெயைப் பாக்கெட்டில்தான் விற்க வேண்டும் என்று ஆணை போட்டது. 2011இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளும் அதையே சொல்கின்றன.

இந்த மாதிரிக் கடை என்றாலே, "எங்க பாட்டி காலத்துல எல்லாம்..." என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். பாட்டி காலத்துப் பொட்டலத்தில் மிளகோடு பப்பாளி விதையும் வந்தது. பாக்கெட்டின் மேல் அச்சடித்த பெயர், எடை, தேதியை நம்பித்தான் ஜனங்கள் பாக்கெட்டுக்குப் போனார்கள். பாக்கெட்டை எடுத்துவிட்டால் அந்த நம்பிக்கைக்கு வேறு ஏற்பாடு வேண்டும். இங்கே ஒவ்வொரு தொட்டியின் மேலும் சிறு சிலேட்டு: எந்த ஊர்ச் சரக்கு, எப்போது அறுவடை, தொட்டியில் எப்போது கொட்டியது. தொட்டிக்குச் சரக்கு எப்படி வருகிறது என்று கேட்டேன். பருப்பும் அரிசியும் சாக்கில், முந்திரி மட்டும் பிளாஸ்டிக் உறையில் என்று ஒளிக்காமல் சொன்னார் அந்தப் பெண். கண்ணாடி ஜாடிகளின் அழகைவிட எனக்கு இது பிடித்தது.

விலைதான் பிடிக்கவில்லை. துவரம் பருப்பு எங்கள் தெருக் கடையைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. வாசலில் நின்ற கார்களைப் பார்த்தால் யாருக்கான கடை என்று புரியும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரியிலேயே தடை வந்துவிட்டது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தையும் அரசு தொடங்கியது. ஆனாலும் மற்றவர்கள் வீட்டுக்குப் பருப்பு இன்னும் கவரில்தான் வருகிறது.

தெருமுனை அண்ணாச்சி கடையில் இன்றும் அரிசியும் பருப்பும் மூட்டையில்தான் இருக்கின்றன. அவர்தான் கவரில் அள்ளிக் கட்டித் தருகிறார். அங்கே டப்பாவை நீட்டி, "அண்ணாச்சி, கவர் வேண்டாம், இதுலயே போடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். சாயங்காலக் கூட்டத்தில் கேட்காதீர்கள். காலை பதினொரு மணிக்கு மேல் போனால் வெறும் டப்பாவை முதலில் எடை போட அவருக்கும் நேரம் இருக்கும்.