கழுத்துக் கட்டியும் கரும்புப் பருவமும்

கழுத்தில் காரணம் தெரியாத கட்டி ஒன்று தோன்றினால், அது இன்ன நோய் எனத் துணிவது மருத்துவரின் கடமை. அக்கட்டி எந்நாள் முதல் இருக்கிறது என்று குறித்து வைப்பதோ ஆசிரியரும் களப்பணியாளரும் செய்யக்கூடிய எளிய பணி. அப்பணிக்கு நாம் உரிய மதிப்பு அளிக்கவில்லை என்பதே எமது கருத்து.

கட்டிக்குக் காரணங்கள் பல. தொண்டைப்புண், சொத்தைப் பல், தலைச் சிரங்கு ஆகியவற்றால் நெறி கட்டுவது குழந்தைகளிடம் சாதாரணம். தொட்டால் வலிக்கும், மூலப்புண் ஆறியபின் பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரங்களில் தணியும். முன்கழுத்தில், விழுங்கும்போது மேலெழுந்து இறங்கும் வீக்கம் பெரும்பாலும் தைராய்டு சுரப்பியைச் சார்ந்தது. அயோடின் குறைவால் வரும் அத்தகைய கழலையை அயோடின் கலந்த உப்பு குறைக்கும் என்பதை, காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் தொடங்கிய ஆராய்ச்சி மெய்ப்பித்தது.

பக்கக் கழுத்தில் வலியின்றி மெல்லப் பெருத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் கட்டிகள் காசநோயைச் சுட்டக்கூடும். முன்னோர் கண்டமாலை என்றது பெரும்பாலும் இதனையே. இருமல் இல்லாமையால் காசமும் இல்லை என்று முடிவு செய்தல் தவறு. புகையிலை மெல்லுவோரிடமும், மகாராஷ்டிரத்தில் வழங்கும் 'மிஸ்ரி' என்னும் வறுத்த புகையிலைத் தூளால் பல் துலக்குவோரிடமும் தோன்றும் கடினமான, அசையாத கட்டி, வாய்ப்புற்று பரவியதன் அறிகுறியாகலாம்.

இனிப் புணே மாவட்டத்தை நோக்குவோம். ஆண்டுதோறும் மழைக்காலம் கழிந்ததும், பீட் முதலிய வறண்ட மாவட்டங்களிலிருந்து கரும்பு வெட்டுவோர் குடும்பத்துடன் இங்குள்ள சர்க்கரை ஆலைப் பகுதிகளுக்கு வருகின்றனர்; கோடையில் ஊர் திரும்புகின்றனர். நெறிக் காசத்திற்கு மருந்துண்ணும் காலம் வழக்கமாக ஆறு மாதம். கரும்புப் பருவமோ ஏறத்தாழ அவ்வளவே. நவம்பரில் ஒரு சிறுமியிடம் கண்ட கட்டியை, "பிறகு பார்க்கலாம்" என்று ஜனவரி வரை விட்டுவைத்தால், சிகிச்சை பாதியில் இருக்கும்போதே குடும்பம் புறப்பட்டுவிடும். பாதியில் விட்ட மருந்து, நோய்க்கிருமி மருந்தை எதிர்த்து நிற்க வழிசெய்யும்.

ஆகவே, கட்டியைக் கண்ட நாளைப் பதிவேட்டில் எழுதுக. மூன்று வாரத்தில் தணியாவிடில், அரசு மருத்துவமனைக்கு அனுப்புக. அங்கு ஊசியால் சிறிது எடுத்துச் சோதிப்பர். மூச்சுத் திணறலோ, விழுங்குதலில் தடையோ இருப்பின் ஒரு நாளும் தாமதித்தல் ஆகாது. கட்டியைக் கீறுவதும், காரமான பச்சிலை வைத்துக் கட்டுவதும் ஆறாப் புண்ணை உண்டாக்கும். காசம் எனத் தெரிந்தால், நிக்ஷய் பதிவு எண்ணைக் குடும்பத்தாரிடம் எழுதிக் கொடுத்தனுப்புக. சொந்த ஊரின் அரசு நிலையத்திலும் அவ்வெண்ணைக் கொண்டு மருந்தை இலவசமாகத் தொடரலாம்.

பெண்ணின் மணவாழ்வை எண்ணிப் பெற்றோர் நோயை மறைப்பதுண்டு. நுரையீரலில் நோய் இல்லையாயின், கழுத்து நெறியிலுள்ள காசம் பிறருக்குத் தொற்றுவதில்லை. அவளைப் பள்ளியிலிருந்து விலக்க வேண்டியதில்லை என்பதை ஆசிரியரே எடுத்துரைத்தல் நலம். கரும்பு வெட்டுவோர் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளின் வருகைப் பதிவேட்டில் இதற்கென ஒரு தனிப் பத்தி சேர்த்தல், செலவின்றி உடனே செய்யத்தக்க சீர்திருத்தமாகும்.