இரண்டாம் வாய்ப்பை யார் தருவது?



போன மாதம் ஒரு நினைவேந்தல் கூட்டம். பேசி முடித்து மேடையை விட்டு இறங்கியபோது கல்லூரி மாணவி ஒருவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். "தோழர், செத்தாத்தான் நம்மளப் பத்திப் பேசுவாங்களா? உயிரோட இருக்கும்போது ஒருத்தரும் வந்து என்ன ஏதுன்னு கேக்க மாட்டேங்குறாங்களே" என்றார். பொதுவான கேள்வி என்று நினைத்து நானும் பொதுவாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். விடுதியில் தனக்கு நடப்பதைத்தான் அவர் கேட்கிறார் என்பது புரியப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. இந்தக் கட்டுரை அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும்.

வாழ்க்கைப் பாடம் சொல்லும் நாவல்கள் என்று ஒரு வகை இன்று நன்றாக விற்கிறது. ஒரு சாவு நிகழும். பிரிந்த குடும்பம் ஒன்று சேரும். நாயகன் மனம் திருந்துவான், வாழ்க்கை அவனுக்கு இன்னொரு வாய்ப்பைக் கொடுக்கும். படிக்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கதைகளில் சாவு விதியாக வருகிறது. வாய்ப்பு மனமாற்றத்தால் கிடைக்கிறது. சேரியில் பிறந்தவர்களுக்கு இரண்டுமே அப்படி வருவதில்லை. நம் சாவுகளில் பலவற்றுக்குப் பின்னால் ஆள் இருக்கிறது, பஞ்சாயத்து இருக்கிறது, கண்டுகொள்ளாத அதிகாரி இருக்கிறார். வாய்ப்பையும் யாராவது கதவைத் திறந்து கொடுத்தால்தான் உண்டு. இதைப் புரிந்து எழுதப்பட்ட மூன்று படைப்புகளைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலாவது, இமையம் எழுதிய 'பெத்தவன்' நெடுங்கதை. தலித் இளைஞரைக் காதலித்த மகளைக் கொன்றுவிட வேண்டும் என்று ஊர்ப் பஞ்சாயத்து தகப்பனுக்கு உத்தரவு போடுகிறது. அவரும் ஊருக்கு முன்னால் ஒப்புக்கொள்கிறார். ஆனால் இரவோடு இரவாக மகளை அவள் விரும்பியவனிடம் போகச் சொல்லி அனுப்பிவிடுகிறார். விடியும்போது அவர் உயிரோடு இல்லை. 2012இல் இந்தக் கதை வந்த சில மாதங்களிலேயே தருமபுரி எரிந்தது. நவம்பர் 7ஆம் தேதி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஜூலை 4ஆம் தேதி ரயில் பாதையோரம் இளவரசன் பிணமாகக் கிடந்தார்.

'பெத்தவன்' படித்தவர்கள் பலரும் அந்தத் தகப்பனின் தியாகத்தைச் சொல்லிக் கண்கலங்குகிறார்கள். எனக்கு அதில் தெரிவது அவருடைய தனிமை. அத்தனை பெரிய ஊரில், அவருடைய சொந்தச் சாதியில், "உன் மகள் பிழைக்கட்டும், நான் கூட நிற்கிறேன்" என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. ஒருவர் கூட நின்றிருந்தால் அவர் சாக வேண்டியிருந்திருக்காது. ஆகவே அந்தச் சாவை அழகாக்காதீர்கள். மனசாட்சியோடு நடந்துகொள்ள ஒரு மனிதர் உயிரையே கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால், அது ஊரின் அவமானம்.

இரண்டாவது, பூமணியின் 'வெக்கை'. 1982இல் வந்த நாவல். 'அசுரன்' படத்துக்கு மூலக்கதை இதுதான் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அண்ணனைப் பறிகொடுத்த பதினைந்து வயதுப் பையன், அதற்குக் காரணமான நிலக்காரனை வெட்டிவிடுகிறான். அப்பனும் மகனும் காடு மலையென்று ஒளிந்து திரிகிறார்கள். படத்தில் நாம் கைதட்டியது சண்டைக் காட்சிகளுக்கு. நாவலில் நிறைந்திருப்பது வேறு: பையனுக்குப் பசிக்குமே என்ற கவலை, எங்கே படுக்கலாம், எந்தத் தண்ணீர் குடிக்கலாம் என்ற யோசனை, சொந்தபந்தம் கொண்டுவந்து தரும் சோறு. குடும்பம் என்ற சொல்லுக்கு அங்கே ஒரே பொருள்தான்: இந்தப் பையன் உயிரோடு இருக்க வேண்டும். கடைசியில் அவர்கள் நீதிமன்றத்தில் சரணடையப் போகிறார்கள். நியாயம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஆனாலும் பழிக்குப் பழி என்று போய்க்கொண்டே இருக்காமல் அந்தப் படியேறுகிறார்கள். அந்தப் பையனுக்கான இரண்டாம் வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது, அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசன் 1987இல் எழுதிய 'பிலவ்ட்'. 1856இல் அடிமைத்தனத்திலிருந்து தப்பி, பிடிபடும் நேரத்தில் தன் குழந்தையைத் தானே கொன்ற மார்கரெட் கார்னர் என்ற பெண்ணின் உண்மை வரலாற்றிலிருந்து பிறந்த நாவல். இதில் வரும் தாய் சேத்தே. அவள் தப்பி வந்து 28 நாள் சுதந்திரமாக இருக்கிறாள். பிறகு எசமானின் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் வருவதைப் பார்த்த அக்கம்பக்கத்தார், அவர்களும் கறுப்பின மக்களே, ஓடிவந்து எச்சரிக்கவில்லை. முதல் நாள் அந்த வீட்டில் நடந்த பெரிய விருந்தைப் பார்த்து மனதில் ஒரு பொருமல். அந்தப் பொருமலுக்கு விலை ஒரு குழந்தையின் உயிர். பிறகு பதினெட்டு ஆண்டுகள் அதே மக்கள் அந்த வீட்டை ஒதுக்கி வைக்கிறார்கள்.

செத்த மகளின் நினைவு திரும்பி வந்து தாயைத் தின்னத் தொடங்கும்போது, இளைய மகள் டென்வர் பயந்துகொண்டே வாசலைத் தாண்டுகிறாள். வேலை வேண்டும், சோறு வேண்டும் என்று வாய் திறந்து கேட்கிறாள். பிறகு யார் யாரோ உணவு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். கடைசியில் முப்பது பெண்கள் திரண்டு அந்த வீட்டின் முன்னால் வந்து நிற்கிறார்கள். சேத்தேவுக்கு மட்டும் கிடைத்த வாய்ப்பு அல்ல இது. முன்பு எச்சரிக்காமல் இருந்த அந்த மக்களுக்கும் இது இரண்டாம் வாய்ப்பு.

நம்மைப் பற்றியும் கொஞ்சம் யோசிப்போம். ஆதிக்கச் சாதியின் வன்மத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் இயக்கத்துக்குள் ஒரு தோழர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினால், "ஒதுங்கிட்டான்" என்கிறோம்; போய்ப் பார்ப்பதில்லை. சாதிவெறிக்குக் கணவனைப் பறிகொடுத்த பெண் மறுபடி ஒரு துணையைத் தேடினால் நம்மவர்களே முகம் சுளிக்கிறார்கள். அவர் காலமெல்லாம் துயரத்தின் சிலையாக நிற்க வேண்டுமாம். பதாகையில் படம் போடுவதற்குக் காட்டும் வேகத்தை, அறைக் கதவைத் தட்டுவதற்கு நாம் காட்டுவதில்லை.

வேலை இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, அரசிடம். 2018ஆம் ஆண்டு சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதி மறுப்பு இணையர்களைக் காக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும், 24 மணி நேர உதவி எண்ணும், தங்குவதற்குப் பாதுகாப்பு இல்லங்களும் வேண்டும் என்று வழிகாட்டியது. உங்கள் மாவட்டத்தில் அவை இருக்கின்றனவா? அந்த எண்ணுக்கு அழைத்தால் யாராவது எடுக்கிறார்களா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் கேளுங்கள். 'பெத்தவன்' தகப்பனுக்கு அன்று இரவு தேவைப்பட்டது அப்படி ஒரு எண்தான்.

இன்னொன்று, நம்மிடம். விடுதியில் இரண்டு நாள் சாப்பிட வராத பிள்ளையின் கதவைத் தட்டுங்கள். அரசியல் பேச வேண்டாம், "சாப்டியா?" என்று கேளுங்கள். உங்களுக்கே தாங்க முடியாமல் போனால், டென்வரைப் போல வாசலைத் தாண்டிக் கேளுங்கள். கேட்பது பலவீனம் இல்லை. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற அரசு எண் எந்நேரமும் உண்டு.

அந்த மாணவிக்கு: இல்லை தங்கச்சி, செத்தால்தான் பேசுவார்கள் என்பதை நாம் ஏற்க வேண்டியதில்லை. அன்றைக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் புரிந்துகொண்டேன். இப்போது வாரம் ஒருமுறை அவருக்குப் பேசுகிறேன். போன வாரம், விடுதியில் நான்கு பேர் சேர்ந்து 'வெக்கை' படிக்கத் தொடங்கியிருப்பதாகச் சொன்னார். அடுத்த மாதம் பேருந்து பிடித்துப் போய் அவர்களோடு உட்கார்ந்து பேசப் போகிறேன்.