ஹலோ... மைக் டெஸ்டிங்!

கல்யாண மண்டபத்தில் பாட்டுக் கச்சேரிக்கு முன்னால் ஒருத்தர் மேடையேறி, 'ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ' என்பார். அவர் சொல்லப்போவது எல்லாருக்கும் தெரியும். அதனால்தான், மண்டபம் அதை எவ்வளவு கெடுக்கிறது என்று மைக் செட்காரரால் கணிக்க முடிகிறது.

செல்போனும் இதையேதான் செய்கிறது. 4ஜி டவர், உங்கள் பேச்சுக்கு நடுநடுவே 'பைலட்' என்று முன்கூட்டியே தெரிந்த சிக்னல்களை விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அனுப்புகிறது. அவை சுவரில் முட்டி, லாரியில் மோதி, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து வந்து சேரும். எந்த அளவுக்கு நசுங்கியிருக்கின்றன என்று பார்த்து, கூடவே வந்த, கடன் கேட்கும் மச்சினனின் குரலையும் அதே கணக்கில் நிமிர்த்திக்கொள்கிறது போன். (அதை மட்டும் விட்டுவிடக் கூடாதா என்று கேட்காதீர்கள்.)

ஒரே ஒரு சங்கடம். மைக் டெஸ்டிங் நடக்கும்போது பாட்டு நடக்காது. கோடி கோடியாகக் கொட்டி ஏலத்தில் எடுத்த அலைவரிசையில் ஒரு பங்கு 'ஒன், டூ, த்ரீ'க்கே போய்விடுகிறது.

இங்கேதான் 'டீப் லேர்னிங்' நுழைகிறது. இதற்கு ஃபார்முலா எதுவும் சொல்லித் தருவதில்லை. நசுங்கிய சிக்னல், அதன் சரியான வடிவம் என்று லட்சக்கணக்கான ஜோடிகளைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இலக்கணம் தெரியாமலே குழந்தை பேசப் பழகுகிற மாதிரி பழகிவிடும். அப்புறம் 'ஒன்' என்றாலே போதும், மிச்சத்தை ஊகித்துக்கொள்ளும்.

2017-ல் டிம் ஓ'ஷே, ஜேக்கப் ஹாய்டிஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அனுப்பும் கருவி, வாங்கும் கருவி இரண்டையும் ஒரே நியூரல் நெட்வொர்க்காகக் கட்டி, நடுவில் இரைச்சலைப் போட்டு, 'உங்களுக்குள் ஒரு பாஷை பண்ணிக்கொள்ளுங்கள்' என்று விட்டுவிட்டார்கள். பண்ணிக்கொண்டன! ரிச்சர்ட் ஹாமிங் 1950-ல் வெளியிட்ட புகழ்பெற்ற குறியீடு ஒன்று உண்டு. 4 பிட் தகவலுக்கு 3 பிட் பாதுகாவல். தப்பு வந்தால் தானே திருத்திக்கொள்ளும். கம்ப்யூட்டர் கண்டுபிடித்த பாஷை அதற்குச் சமமாகத் தேறியது. ஹாமிங் யாரென்று அதற்குத் தெரியவே தெரியாது.

உடனே ஆகாயத்துக்குத் தாவ வேண்டாம். இரைச்சலுள்ள பாதையில் தப்பில்லாமல் எவ்வளவு தகவல் அனுப்பலாம் என்பதற்கு 1948-லேயே க்ளாட் ஷானன் ஒரு எல்லைக்கோடு போட்டுவிட்டார். எந்த நெட்வொர்க்கும் அதைத் தாண்ட முடியாது. தாண்டுகிறேன் என்று விளம்பரம் செய்தால் பர்ஸைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.

கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு. ஹாமிங்கின் குறியீட்டை ஒரு தாளில் எழுதி, ஏன் வேலை செய்கிறது என்று நிரூபித்துக் காட்டலாம். நெட்வொர்க்கிடம் 'ஏம்ப்பா இப்படி?' என்று கேட்டால் லட்சக்கணக்கான எண்களை நீட்டும். அவ்வளவுதான் பதில்.

அதைவிட முக்கியம், அது எங்கே பழகியது என்பது. மாடிக் கட்டடங்களுக்கு நடுவே பழகியதை மலைச்சரிவுத் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்தால் தடுமாறலாம். பாம்பு கடித்தவருக்காக யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிடும் நேரமாக அது இருந்தால்? பழகுவதற்கான சாம்பிள்களை வாடிக்கையாளர் கூட்டம் இருக்கிற ஊரில் சேகரிப்பது சுலபம். ஆள் குறைந்த ஊருக்கு யார் போவார்கள்?

மொபைல் தொழில்நுட்பத்துக்கு உலக அளவில் விதி எழுதும் 3ஜிபிபி அமைப்பு இதை யோசிக்காமல் இல்லை. அதன் 18-வது வெளியீட்டுக்கான ஆய்வில், பழகாத சூழ்நிலையில் நெட்வொர்க் எப்படி நடந்துகொள்கிறது என்று கண்காணிப்பதும், சரிப்படாவிட்டால் பழைய முறைக்கே திரும்புவதும் அலசப்பட்டிருக்கின்றன.

புத்திசாலி டிரைவரை வேலைக்கு வையுங்கள், தப்பில்லை. ஆனால் ஸ்டெப்னியைக் கழற்றி வைத்துவிட்டு மலையேறச் சொல்லாதீர்கள்.