விடியும்வரை தங்கிய கூலி

பழைய ஏற்பாடு சட்டம், புதிய ஏற்பாடு அன்பு என்று ஞாயிறு பள்ளியிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். இருதயம் மாறினால் போதும், நியாயப்பிரமாணத்துக்கு இனி வேலையில்லை என்கிறார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தவறு. அந்தத் தவறால் ஆதாயம் அடைகிறவர்களும் நம் சபைகளில் இருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கடவுளை முழு மனதோடு நேசிப்பது, அடுத்தவரைத் தன்னைப்போல் நேசிப்பது என்ற இரண்டையும் இயேசு புதிதாக உண்டாக்கவில்லை. முதலாவது உபாகமம் 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இரண்டாவது லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில். பலியும் தீட்டும்தான் இருக்கிறது என்று நாம் புரட்டிவிட்டுப் போகும் அதே லேவியராகமம்.

அந்த அதிகாரத்தை நிதானமாகப் படியுங்கள். பிறனை நேசிக்கச் சொல்வது 18ஆம் வசனம். அதற்கு முன்னால் வருவதெல்லாம் என்ன? வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காமல் ஏழைக்கும் பரதேசிக்கும் விட வேண்டும். கூலிக்காரரின் கூலி விடியும்வரை எஜமானிடம் தங்கக் கூடாது. காது கேளாதவரைத் திட்டக் கூடாது, பார்வையற்றவர் நடக்கும் வழியில் தடை வைக்கக் கூடாது. பின்னால், அந்நியரையும் அப்படியே நேசிக்க வேண்டும், தராசும் படியும் சரியாக இருக்க வேண்டும். வயலுக்கும் தராசுக்கும் நடுவில்தான் அன்பு என்ற சொல் நிற்கிறது. மனம் இளகிய பிறகு கூலியைக் கொடு என்று அங்கே எழுதவில்லை. பொழுது விடிவதற்குள் கொடு என்றுதான் இருக்கிறது.

நான் போய்வந்த ஓர் ஆலயத்தில் அன்பைப் பற்றி ஒரு மணி நேரம் பிரசங்கம் நடந்தது. பலர் அழுதார்கள், நானும்தான். வெளியே, ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மா வாரக் கூலிக்காகத் தூணோரம் நின்றார். "சில்லறை இல்லம்மா, புதன்கிழமை வாங்க" என்றார்கள். காணிக்கைப் பையை அப்போதுதான் எண்ணிக் கட்டியிருந்தார்கள். அன்றைக்கு எங்கள் யாருடைய இருதயத்திலும் குறையில்லை. இல்லாமல் போனது ஒரு சட்டம்தான்.

சட்டம் பரிசேயரைத்தானே உண்டாக்கும் என்பார்கள். சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு மனம் மாறாது என்பதை மோசேயின் புத்தகமே அறிந்திருக்கிறது. இருதயத்தைக் கடவுளே விருத்தசேதனம் செய்ய வேண்டும் என்று உபாகமம் 30ஆம் அதிகாரம் பேசுகிறது. ஆனால் அதுவரை கை சும்மா இருக்கலாம் என்று அது சொல்லவில்லை. 13ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் கட்டளைகளை விளக்கி எழுதிய ஒரு யூதர், மனிதனின் இருதயம் அவன் செய்கைகளின் பின்னால் இழுபட்டுப் போகிறது என்று விளக்கினார். நம் அனுபவமும் அதுதான். தினமும் ஒருவருக்குச் சோறு போட்டுக்கொண்டே அவரை வெறுப்பது கடினம்.

இனி நம் வீட்டுக் கதை. 1706இல் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். சீர்திருத்தச் சபைகள் வளர்ந்தன, ஆலயத்துக்குள் சாதிவாரியாக உட்காருவதும் நற்கருணைக்கு வரிசை பார்ப்பதும் கூடவே வளர்ந்தன. சுவிசேஷம் உள்ளே ஊறினால் சாதி தானே உதிரும் என்று மிஷனரிகள் பலர் பொறுத்திருந்தார்கள். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று கட்டளையிட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். சட்டத்தால் மனம் மாறாது என்பதற்கு இதையே சாட்சியாகக் காட்டுகிறார்கள்.

அதற்கு முந்தைய 127 ஆண்டுகளை ஏன் யாரும் சாட்சிக்கு அழைப்பதில்லை? அத்தனை காலமும் அன்பைத்தானே பிரசங்கித்தோம்? கட்டளை வெளியேறியவர்களின் மனதை மாற்றவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓரத்தில் உட்கார வைக்கப்பட்டவரிடம், இது உன் விதியல்ல, உனக்கு இழைத்த பாவம் என்று சபை சட்டமாகச் சொன்னது. மற்றவர் மனம் கனியும்வரை அவர் ஏன் ஓரத்திலேயே காத்திருக்க வேண்டும்?

இது சீர்திருத்தச் சபைகளின் கதை மட்டுமல்ல. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குள் தலித்துகளின் கல்லறைகளைத் தனியே பிரித்து ஒரு சுவர் எழுப்பினார்கள். அதன் இருபுறமும் ஒரே சிலுவைதான் நடப்பட்டிருக்கிறது.